சுண்டைக்காயும் எலுமிச்சம்பழமும்

இல்ல சார், அத மட்டும் தொடாதீங்க. மூணாவது தட்டுல இருக்கே, அந்த செவப்பு டிராக்டர். நீங்க தொட்டது எங்கப்பாவுக்கு மாடில இருந்தே தெரிஞ்சிரும். போன மாசம் அதோட ஸ்டியரிங் மேல ஒரு பல்லி ஏறிடுச்சுன்னு ஆபீஸுக்கு லீவு போட்ட மனுஷன். உக்காருங்க, இப்படி ஃபேனுக்குக் கீழ. இந்தா வந்துருவாரு. பிரியாவிடை வீடியோ எடுத்துக்கிட்டு இருக்காரு. நீங்க ஷெட்டுல நிக்கிற எங்க நெஜ டிராக்டர லாரில ஏத்துறதுக்கு முன்னாடி அத குரூப்ல போட்டாகணுமாம். பச்சைத் துண்ட தலைல கட்டிக்கிட்டு மூணு தடவ அழுதுட்டாரு. ஒண்ணுலயும் அழுக சரியா விழலன்னு திரும்ப எடுக்குறாரு.

ஜூஸா? ஓ, நான் கேட்டுக்குள்ள வரும்போது கைல எலுமிச்சம்பழத்தப் பாத்துட்டீங்களா. அது ஜூஸுக்கு இல்ல சார், அம்மா வேற வேலைக்கு வாங்கிட்டு வரச் சொன்னாங்க. காபிய குடிங்க, ஆறிடப் போவுது. அம்மாவா? பின்னாடி கொஞ்சம் வேலையா இருக்காங்க. உங்க லாரிக்காரங்க எங்க போவப் போறாங்க, நான்தான் முக்குக் கடைல பொங்கல் சாப்பிட அனுப்பினேன். வெறும் வயித்தோட வேலை வாங்குவீங்களா? ஆமா, லா படிக்கிறேன், ரெண்டாவது வருஷம். இல்ல, வாய் அதுக்கு முன்னாடியே இருந்துச்சு.

வந்ததுக்கு இதெல்லாம் பாத்துட்டுப் போங்க பீமராவ் சார். பச்சைமலை அடிவாரத்துல ரிசார்ட் நடத்துறீங்க, பழசுன்னா உசுருன்னு போன்ல சொன்னீங்களே. இந்த அலமாரி பூரா டிராக்டர்தான். எல்லாம் உள்ளங்கை சைசு. மேல் தட்டு வெளிநாடு. நடுத் தட்டு நம்மூரு. கீழ அந்தச் செவப்புக்குப் பக்கத்துல இருக்கிறது எங்க பெரியம்மா பையன் சின்ன வயசுல வெச்சு வெளையாண்டது, அதப் புடுங்கி வெச்சுக்கிட்டாரு. அரிய வகையாம். அந்தப் பையனுக்கு இப்ப மீசை முளைச்சிருச்சு, இன்னும் எங்க வீட்டுக்கு வந்தா அத ஒரு பார்வ பாத்துட்டுத்தான் போவான்.

குரூப் பேரா? டீசல் நெஞ்சங்கள். சிரிக்காதீங்க, சீரியஸா சொல்றேன். எல்லாரும் தில்லைநகர்லயும் கே.கே. நகர்லயும் ஃபிளாட்ல இருக்கிற நெஞ்சங்க. ஞாயித்துக்கெழம ஆனா ஒரு ஓட்டல் ஏசி ரூம்ல கூடி, அந்தக் காலத்துல எஞ்சின் எப்படிப் பேசும் தெரியுமான்னு ஆரம்பிச்சா சாயங்காலம் ஆயிடும். ஒருத்தர் செல்போன்ல டிராக்டர் சத்தத்தப் போடுவாரு, மத்தவங்க கண்ண மூடிக்கிட்டு எந்த மாடல்னு சொல்லணும். அதுல எங்கப்பாதான் சாம்பியன். சால்வை போத்தி ஒலிச் சக்கரவர்த்தின்னு பட்டமே குடுத்திருக்காங்க. அந்தா மாட்டியிருக்கு பாருங்க போட்டோ. கண்ண மூடிக்கிட்டு இருக்கிறது தூக்கம் இல்ல, ரசிக்கிறாரு.

ஆயுத பூஜைக்கு நீங்க வந்திருக்கணும். காது குடையிற பஞ்சுக் குச்சில சந்தனத்தத் தொட்டு ஒவ்வொண்ணுக்கும் பொட்டு வெப்பாரு. சக்கரத்துக்கு அடில எலுமிச்சம்பழம் வெக்கணுமே, பழம் வண்டிய விடப் பெருசா இருக்கு. என்ன பண்ணாருங்கிறீங்க? சுண்டைக்காய். அம்மா வத்தக்குழம்புக்கு வாங்கி வெச்சிருந்தத அப்படியே அள்ளிட்டுப் போயி நாலு சக்கரத்துக்கும் வெச்சு, ஒத்த வெரலால தள்ளுறாரு. சுண்டைக்காய் நசுங்கல. வண்டிதான் கவுந்துச்சு. மூஞ்சி செத்துப் போச்சு மனுஷனுக்கு. அன்னிக்கு எங்க வீட்டுல குழம்பும் இல்ல.

எங்க கெளம்புறீங்க? ஷெட்டு எங்கயும் போயிடாது சார், உக்காருங்க. அவர் வராம சாவி கிடைக்காது.

நெஜ வண்டியப் பத்தி உங்களுக்கு அப்பா என்ன சொன்னாரு? அவரு குடும்பத்து வண்டின்னு சொன்னாரா? நல்லாருக்கு. அது எங்கம்மாவோட அப்பா, பிச்சமுத்து தாத்தா வாங்குன வண்டி. திருவெள்ளறைல அந்த வண்டி ஏறாத வயலே இல்ல. தாத்தா போனப்புறம் அம்மாவுக்குன்னு இந்த வண்டியும் அங்க ஒரு ஏக்கரும் வந்துச்சு. ஏக்கரு முள்ளு மொளைச்சுக் கெடக்கு. வண்டி இங்க ஸ்ரீரங்கத்துல, எங்க வீட்டுப் பின்னாடி ஷெட்டுல, உறை போட்டு நிக்குது. எனக்கு மழைக்கோட்டு கிடையாது சார், அதுக்கு ரெண்டு இருக்கு.

அம்மா வருஷா வருஷம் கேட்டாங்க. வண்டிய சரி பண்ணுவோம், நம்ம நெலத்த நாமளே உழுது கடலை போடுவோம்னு. அப்பா என்ன சொன்னாரு தெரியுமா? பானு, அது பாரம்பரியம், மண்ணு பட்டா மதிப்பு போயிடும்னாரு. டிராக்டர்ல மண்ணு படக் கூடாதாம். இந்த நாட்டுலயே இப்படி ஒரு வாக்கியத்த முழுசா சொல்லி முடிச்ச ஒரே ஆளு எங்கப்பாதான். அப்புறமா எஞ்சின் ஜாம் ஆயிடுச்சு, இனி கடவுளே வந்தாலும் ஓடாதுன்னு ஒரு முடிவு கட்டிட்டாரு.

அந்த நேரம் பாத்து நீங்க வந்தீங்க. உங்க ரிசார்ட் வாசல்ல சிமெண்ட் மேடை கட்டி வண்டிய ஏத்தி வெச்சு, தங்கக் கலர் அடிச்சு, சீட்டுல ரோஜாத் தொட்டி. வர்றவங்க செல்ஃபி எடுத்துக்கலாம். எஞ்சின கழட்டிருவோம், மேடை வெயிட்டு தாங்காதுன்னு சொன்னீங்க. அப்பா அதுக்கெல்லாம் அசரல. கீழ ஒரு போர்டு வெக்கிறோம், அன்பளிப்பு ஹரிஹரசுதன், பாரம்பரிய வேளாண் ஆர்வலர்னு சொன்னீங்க பாருங்க, அங்கதான் விழுந்தாரு. எழுத்து எவ்வளவு பெருசுன்னு ரெண்டு நாள் கேட்டுக்கிட்டே இருந்தாரே, ஞாபகம் இருக்கா?

அம்மா சம்மதமா? கேட்டீங்களா அவங்கள? இல்லல்ல. எங்க வீட்டுல அம்மா சும்மா இருந்தா சம்மதம்னு அப்பா எழுதிக்குவாரு. நீங்களும் அப்படியே எழுதிக்கிட்டீங்க. தன்னோடது இல்லாதத ஒருத்தரு எப்படி சார் அன்பளிப்பு குடுக்க முடியும்? நான் இந்த சோஃபாவ உங்களுக்குக் குடுத்துட்டா நீங்க தூக்கிட்டுப் போவீங்களா? அது அப்பாவோடதுன்னு சொல்லுவீங்கல்ல. இது மட்டும் எப்படி?

சண்டை இல்ல சார், பேசிக்கிட்டுதான இருக்கேன். இன்னொரு காபி? வேணாமா, சரி.

அப்பாவோட ஹேண்டில் கதை கேட்டிருக்கீங்களா? உங்ககிட்டயும் சொல்லிட்டாரா. பேட்டரி செத்துப்போன வண்டி, முன்னாடி ஹேண்டில சொருகி சுத்தித்தான் ஸ்டார்ட் பண்ணணும், ஒரு நாள் ஹேண்டில் எதுத்து அடிச்சு மணிக்கட்டு பெசகிருச்சு, வீங்குன கையோட பரீட்சை எழுதினேன்னு. நல்ல கதைதான். வீடியோல நடிச்சும் காட்டுறாரு. அந்த நடிப்ப நல்லாப் பாருங்க ஒரு தடவ. கட்டவெரல ஹேண்டில சுத்தி இறுக்கிப் புடிச்சிருப்பாரு. நெஜமா சுத்துனவங்க கட்டவெரல மத்த வெரலோட சேத்து ஒரே பக்கமாத்தான் வெப்பாங்க, எதுத்து அடிச்சா கை வழுக்கி வெளிய வரணும்ல. அவரு புடிக்கிற மாதிரி புடிச்சா முத நாளே வெரலு போயிருக்கும். அவரோடது பத்தும் பத்திரமா இருக்கு. அது வேற ஒருத்தரோட கதை சார். யாரோடதுன்னு சொல்றேன், இருங்க.

சத்தமா? எங்க? ஆமா, கேக்குது. பக்கத்துல ஏதோ ஜெனரேட்டரா இருக்கும். ஜன்னல சாத்திடுறேன், கொசு வேற. மேலூர் ரோட்டுல எப்பவும் ஏதாவது ஒண்ணு ஓடிக்கிட்டேதான் இருக்கும்.

என்னப்பா? என்ன... சரிப்பா, சொல்றேன்.

கேட்டீங்களா மாடில இருந்து? பக்கத்து வீட்டுல போர் போடுற லாரி வந்துருச்சாம், சத்தத்துல வீடியோ கெட்டுப் போவுதாம், போயி நிறுத்தச் சொல்லுன்னு கத்துறாரு. போர் லாரியாம். ஒலிச் சக்கரவர்த்தி. அந்தச் சால்வைய இன்னிக்கே நான் மிதியடியாப் போட்டுடுறேன்.

ஏன் சிரிக்கிறேனா? சும்மாதான். சத்தம் போயிருச்சு பாருங்க, இனிமே அவரு நிம்மதியா அழலாம்.

நீங்க பத்து நிமிஷமா மணி பாக்குறது தெரியுது. கொஞ்சம் பொறுங்க, ஆடு மேய்க்கவா போறீங்க. பாலக்கரைல காஜா மைதீன்னு ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்காரு, கேள்விப்பட்டிருக்கீங்களா? டீசல் நெஞ்சங்கள்ல அவரு இல்ல, அவருக்கு வேலை இருக்கு. டீசல் நெஞ்சங்க கூடுற ஞாயித்துக்கெழமல்லாம் இங்க வந்துருவாரு. கடவுளே வந்தாலும் ஓடாதுன்ன எஞ்சின அக்கக்கா பிரிச்சு, மறுபடி மாட்டிட்டு, ரெண்டு ஆப்பிளுக்கும் ஒரு பிரியாணிக்கும் மேல ஒண்ணும் வாங்கிக்க மாட்டேன்னுட்டாரு. இந்த வண்டில ஏறணும்னு சின்ன வயசு ஆசையாம். எந்த வண்டியா? என்ன சார் இப்படிக் கேக்குறீங்க.

இருங்க, மெசேஜ் வந்திருக்கு.

சரி, போட்டும். கொள்ளிடம் பாலம் தாண்டியாச்சாம். இனிமே டோல்கேட்டு, அப்புறம் மண்ணச்சநல்லூர், அப்புறம் திருவெள்ளறை. இப்ப எந்திரிச்சு எங்க வேணும்னாலும் போங்க, நான் புடிச்சு வெக்கல. ஷெட்டயும் பாத்துக்கங்க, பூட்டே இல்ல. ரெண்டு மழைக்கோட்டும் மடிச்சு வெச்சிருக்கும். வாசல்ல நாலு எலுமிச்சம்பழம் நசுங்கிக் கெடக்கும், வழுக்கப் போவுது, பாத்து நடங்க.

யாரு ஓட்டுறதா? உங்களுக்குக் காபி கொண்டாந்து குடுத்தாங்களே, அவங்கதான். டம்ளர நீட்டும்போது அந்த வலது மணிக்கட்டப் பாத்திருக்கலாம் நீங்க, இன்னும் கோணலாத்தான் நிக்கும். பன்னெண்டாவது பரீட்சை எழுதினது அந்தக் கைதான். கல்யாணம் ஆன புதுசுல அப்பாகிட்ட ஆசையா சொன்னாங்களாம், அவரு கதைய மட்டும் எடுத்துக்கிட்டாரு.

படில எறங்குறாரு பாருங்க, துண்டு தலைப்பா, கண்ணெல்லாம் செவந்திருக்கு. நாலாவது தடவ அழுக நல்லா வந்திருக்கு போல. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், நான் சொல்லிக்கிறேன். லாரி எடுத்துட்டு வந்தவர வெறுங்கையோட அனுப்ப மாட்டோம் சார். அந்த மூணாவது தட்டு செவப்பு வண்டிய எடுத்துக்கங்க. தொடலாம், இப்ப தொடலாம். எஞ்சின் கழட்டுற வேலையும் மிச்சம், மேடையும் தாங்கும். போர்டுல அப்பா பேர மட்டும் பெருசா எழுதிடுங்க.