ஜெனோவின் குரலைத் திருப்பிக் கொடுத்தது நான்தான்

இந்த அறையில் இருக்கும் கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவாக ஓடுகிறது சார். நான் சொல்லச் சொல்ல அடிக்கிற தம்பி ஒவ்வொரு வரிக்கும் காத்துக்கொண்டிருக்கிறார், பார்க்கவே பாவமாக இருக்கிறது. ஃபேனில் தூசி அடைத்திருக்கும். நம்ம ஊர்க் காற்றில் உப்பு வேறு. பேக்கப் எடுத்திருக்கிறீர்களா என்று கேட்டதற்கு ஏட்டையா என்னை முறைத்தார். தொழில் பழக்கம், கேட்டுவிட்டேன்.

பெயர் லிங்கராஜ். தூத்துக்குடியில் வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். எந்த மெஷினில் கை வைத்தாலும் முதலில் இமேஜ் எடுத்துவிடுவேன். இமேஜ் என்றால் போட்டோ இல்லை. டிஸ்க்கில் இருப்பதை ஒன்று விடாமல் அப்படியே ஒரே கோப்பாகச் சுருட்டி என் டிஸ்க்கில் வைத்துக்கொள்வது. பிறகு அந்தக் கம்ப்யூட்டர் எப்படிக் கெட்டாலும் கவலையில்லை. இமேஜை இறக்கினால் போதும், திரையில் எந்தப் படம் எந்த மூலையில் இருந்ததோ அங்கேயே வந்து உட்கார்ந்துவிடும். அந்த நேரத்தில் சொந்தக்காரர் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும் சார். எனக்கு உள்ளங்காலில் கிச்சுகிச்சு மூட்டின மாதிரி இருக்கும்.

முதன்முதலில் அதைப் பார்த்தது உடன்குடியில், கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்யும் இசக்கியப்பன் அண்ணாச்சி கடையில். அவருடைய மெஷின் தானாகத்தான் படுத்தது, அதில் என் கைவரிசை எதுவும் இல்லை. பழைய இமேஜை இறக்கியதும் அண்ணாச்சி என் கன்னத்தைக் கிள்ளி, வாயில் ஒரு துண்டு கருப்பட்டியைத் திணித்தார். "ஏலே லிங்கம், நீ மனுசன் இல்லலே, சாமிலே" என்றார். தூத்துக்குடி வரைக்கும் பைக்கில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

ஆனால் நாம் ஆசைப்படுகிற நேரத்தில் கம்ப்யூட்டர்கள் கெடுவதில்லை. அதனால் நான் கொஞ்சம் ஒத்தாசை செய்ய ஆரம்பித்தேன். இமேஜ் எடுத்துவிட்டு டிஸ்க்கைத் துடைத்துவிடுவேன், பிறகு திருப்பிக் கொடுப்பேன். யாருக்கும் ஒரு எழுத்துகூட நஷ்டமில்லை. செய்யச் செய்ய ஒன்று புரிந்தது. அன்றைக்கே கொடுத்தால் வெறும் நன்றி சொல்வார்கள். இரண்டு மூன்று நாள் இழுத்தால் கண் கலங்குவார்கள். அவர்களே கைகழுவிய பிறகு கொடுத்தால் காலில் விழுவார்கள். ஒரு மக்ரூன் கடைக்காரர் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார், அவ்வளவு கனத்த மனிதர்.

கிரேசி வேறு மாதிரி. தையல் மெஷினும் எம்பிராய்டரி டிசைன் போட ஒரு கம்ப்யூட்டரும் வைத்துக்கொண்டு, தங்கை ஜெப்ஸியோடு இருந்தாள். புருஷன் ஜெனோ தோணியில் வேலை பார்த்தவன். மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போன தோணி திரும்பவில்லை, அவன் உடம்பும் கிடைக்கவில்லை. அவன் போனில் அனுப்பிய குரல் பதிவுகள்தான் மிச்சம். தோணிச் சமையலைத் திட்டுவான், சுருதியே இல்லாமல் பாடுவான், "ஏளா கிரேசி, தூங்கிட்டியா" என்பான். தைக்கும்போதெல்லாம் அவள் அதைத்தான் ஓடவிடுவாள். போனில் இடமில்லை என்றபோது எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு, போனைக் காலி செய்து கொடுத்தது நான்தான். போன் தண்ணீரில் விழும், கம்ப்யூட்டர் எங்கே விழப்போகிறது என்றேன்.

ஜூலை ஆரம்பத்தில், மெஷின் மெதுவாக ஓடுகிறது என்று கூப்பிட்டாள். இமேஜ் எடுத்தேன். அவள் எனக்கு டீ போட உள்ளே போயிருந்தாள். மாதா கோயில் திருவிழா பக்கத்தில் வருகிறதே என்று அப்போதுதான் தோன்றியது. தேரன்றைக்குச் சொந்தபந்தமெல்லாம் வீட்டில் கூடியிருக்கும்போது ஜெனோ பேசினால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். டீ வருவதற்குள் துடைத்துவிட்டேன்.

டிஸ்க் போய்விட்டது என்று சொன்னதும் அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணே, டிசைன் எல்லாம் போனாப் போவுது. அவிய குரல் மட்டும் வந்தாப் போதும்ணே" என்றாள். பார்க்கலாம் என்றேன். எனக்குச் சிரிப்பை அடக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. பிறந்தநாள் பரிசை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நிற்பவர்களுக்கு அந்த அவஸ்தை தெரியும்.

ஜெப்ஸி வாசல்வரை என் பின்னாலேயே வந்தாள். "நேத்து ஒரு பென் டிரைவ் போட்டு பாட்டு ஏத்துனேன்ணே. அதுலயா போச்சு?" என்று கேட்டாள்.

சொல்ல முடியாதும்மா என்றேன். ஆமாம் என்று சொல்லவில்லை சார். இதைத் தம்பி சரியாக அடித்துக்கொள்ள வேண்டும்.

அதைக் கிரேசி கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏளா, அவியள ரெண்டாந்தடவ கொன்னுட்டியே" என்று தங்கையைப் பார்த்துச் சொன்னாள், சத்தம் போடக்கூட இல்லை. அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஜெப்ஸி இரண்டு முறை என்னைத் தேடி வந்து, ஏதாவது வழி இருக்கிறதா அண்ணே என்று அழுதாள். அவளிடமாவது சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். சொன்னால் அக்காவிடம் உளறிவிடுவாள், மொத்தமும் சப்பென்று ஆகிவிடும். பொறுமையாக இரு, மாதா பார்த்துக்கொள்வாள் என்றேன். அந்த வாரம் நல்ல ஸ்பீக்கராக இரண்டு வாங்கினேன், என் சொந்தக் காசில்.

கொடியேற்றத்துக்கு மறுநாள், காலையில் வலைக்குப் போனவர்கள் ஜெப்ஸியின் உடம்பைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். எனக்கு வருத்தமாக இருந்தது. அவசரப்பட்டுவிட்டாள். தேர்வரைக்கும் பொறுத்திருந்தால் அவளும் சேர்ந்து சிரித்திருப்பாள்.

துக்க வீடு ஆயிற்றே, தள்ளிப்போடலாமா என்று யோசித்தேன். துக்க வீட்டில்தானே சந்தோஷம் அதிகம் தேவைப்படுகிறது. தேரன்றைக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, ஸ்பீக்கரோடு போனேன். பழைய காப்பி ஒன்று கிடைத்தது என்று சொல்லி இமேஜை இறக்கினேன். கூடத்தில் உறவுக்காரர்கள் நிறைய பேர் இருந்தார்கள். "ஏளா கிரேசி, தூங்கிட்டியா" என்று ஜெனோ கேட்டான். அவனைப் பெற்றவள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். நான் கைதட்டினேன் என்று சாட்சி சொல்லியிருக்கிறார்களாம். தட்டியிருப்பேன், எனக்கு நினைவில்லை.

கிரேசி மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு பூ டிசைன் இருந்தது.

"இது ஜெப்ஸி பாவாடைக்குப் போட்டது. நீங்க வந்த அன்னைக்குக் காலைலதான் போட்டேன்" என்றாள்.

ஆமாம்மா, ஒன்றுமே விட்டுப்போகவில்லை என்றேன், பெருமையாக.

"அப்போ அன்னைக்கே உங்க கைல இருந்திருக்கு."

இருந்தது என்றேன். அவள் அழவில்லை, திட்டவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆனந்தம் அளவுக்கு மீறினால் பேச்சு வராது என்று சொல்வார்களே, அதுதான் என்று நினைத்தேன். உங்களுக்குப் போன் செய்தது அவள்தான் என்கிறீர்கள். செய்திருக்கலாம். அதனால் எனக்கு அவள்மேல் கோபம் எதுவும் இல்லை.

ஆகவே துடைத்தது நான்தான், மறைத்து வைத்தது நான்தான், ஜெப்ஸி தலையில் பழி விழுந்தபோது பேசாமல் இருந்ததும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போட்டுவிடுகிறேன்.

ஒரே ஒரு விஷயம் சார். என் வீட்டிலிருந்து எடுத்து வந்த டிஸ்க்குகளில் நீல உறை போட்டது ஒன்று இருக்கும். அது ஜெப்ஸியின் லேப்டாப். அடக்கத்தன்று, அதிலிருந்து அவள் போட்டோவை எடுத்துத் தருகிறேன் என்று கிரேசியிடம் வாங்கிக்கொண்டு போய் இமேஜ் எடுத்தேன். அக்காவும் தங்கையும் ஆடுகிற வீடியோகூட அதில் இருக்கிறது. லேப்டாப்பைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், உள்ளே எதுவும் இல்லையம்மா என்று சொல்லி. அதை மட்டும் இப்போதே கிரேசியிடம் கொடுத்துவிடாதீர்கள். அவள் இன்னும் போதுமான அளவு அழவில்லை.