மழைக்காரியின் கடிதங்கள்

உங்கள் வார்டு சுத்தமாக இருக்கிறது, டாக்டர். ஜன்னலோரக் கட்டில் கொடுத்ததற்கு நன்றி. என் தம்பி வரைகிறவன், வெளிச்சம் வேண்டும்.

அவன் ஓயாமல் புலம்புகிற அந்த மழைக்காரி யார் என்று கேட்டீர்கள். நான்தான்.

தம்பி, படம் வரைந்து கதையாக நகரும் கம்ப்யூட்டர் கேம் செய்கிறவன். பெரியவர்களுக்கு மட்டுமானது. உறவுக்காரர்கள் கேட்டால் கார்ட்டூன் போடுகிறான் என்று சமாளிப்போம். மாதம் ஒரு அத்தியாயம் வெளியிடுவான், பிடித்தவர்கள் மாதச் சந்தா கட்டுவார்கள். கதை முடிந்தால் சந்தாவும் நின்றுவிடும். அந்தச் சந்தாப் பக்கத்தைக் கவனிக்க நான் என் வேலையை விட்டேன்.

சின்ன வயதிலிருந்தே அவனுக்கு ஆரம்ப சூரத்தனம்தான். நாலாவது மாதமே பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.

"இதை யாருதான் பாக்குறாங்க அக்கா? காசு கட்டுறாங்க, ஒரு வார்த்தை பேசமாட்டேங்கிறாங்க."

பாவமாக இருந்தது. வெளியே மழை. மழைக்காரி என்று ஒரு சந்தாதாரரை உருவாக்கி நாலு வரி பாராட்டி எழுதினேன். மாலைக்குள் விசிலடித்துக்கொண்டு வரைய உட்கார்ந்துவிட்டான்.

பிறகு கடிதப் போக்குவரத்துதான். சாப்பிடும்போது என் கடிதத்தை எனக்கே படித்துக் காட்டுவான். நான் குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்பேன்.

மூன்றாவது வருடம், கதையை முடித்துவிட்டு அவளைப் பார்க்கப் போவதாகச் சொன்னான். வேறு வழியில்லாமல் அவளுக்கு ஒரு நோயைக் கொடுத்தேன். அடுத்த அத்தியாயத்துக்காகத்தான் உயிரோடு இருக்கிறேன், முடித்துவிடாதே என்று எழுதினேன். இன்னும் இரண்டு வருடம் வரைந்தான். மணிக்கட்டு வீங்கியது, துணி சுற்றிக்கொண்டு வரைந்தான். கடிதங்களைப் படித்துக் காட்டுவதை நிறுத்திவிட்டான்.

போன வாரம் வந்து நின்றான். "என்னால முடியல அக்கா. முடிச்சிடறேன். அவ புரிஞ்சுப்பா."

வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றை முழுசாக முடித்தான். நன்றாகத்தான் இருந்தது, நான் அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மழைக்காரியின் அம்மா எழுதுவதுபோல ஒரு கடிதம் எழுதினேன். கடைசி அத்தியாயத்தைப் பார்த்தாள், மருந்தைத் தொடமாட்டேன் என்றுவிட்டாள், நேற்றுப் போய்விட்டாள். அவ்வளவுதான். இன்னொருவருக்கும் இப்படி ஆகிவிடுமோ என்று பயந்துபோய், அந்த முடிவை நீக்கிவிட்டுக் கதையைத் தொடர்வான் என்று நினைத்தேன். ஒரு மணி நேரத்தில் குளியலறைக் கதவை உடைக்க வேண்டியதாயிற்று.

உண்மையைச் சொல்லிவிடச் சொல்கிறீர்கள். ஐந்து வருடம் அவனை நம்பி ஒருத்தி இருந்தாள் என்கிற நினைப்பு ஒன்றுதான் அவனுக்கு மிச்சம். அதையும் பிடுங்க எனக்கு மனசு வராது. நான் அவன் அக்கா.

இன்று காலை அவனுக்கு ஒரு புது ரசிகை எழுதியிருக்கிறாள். இவளுக்கு நோய்நொடி எதுவும் கிடையாது. படித்துக் காட்டினேன், தலையைத் தூக்கிப் பார்த்தான்.

ஒன்றே ஒன்று, டாக்டர். உங்கள் மாத்திரையில் அவன் வலதுகை நடுங்குகிறது. கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள்.