ஜனவரி வரைக்கும் தாங்கிய கம்பெனி

ஞாயிற்றுக்கிழமைகளில் என் ஆடிட்டர் ஆபீசுக்கு யாரும் வரமாட்டார்கள், மேடம். மற்ற நாளெல்லாம் தோல் பதனிடுகிற ஷாப்காரர்களின் வரிக் கணக்கு. அதனால் தபரேஸ் ஞாயிறு பார்த்துதான் வருவான். ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டிராவல்ஸ் வைத்திருந்தான். பள்ளிக்கூட தோஸ்த்.

அக்டோபரில் ஒரு விமானக் கம்பெனியின் ஆண்டறிக்கையோடு வந்தான். மக்காவுக்கு உம்ரா யாத்திரை போகிறவர்களுக்கு அதில் மொத்தமாக டிக்கெட் போட்டால் விலை கம்மி. ஆனால் முழுப் பணத்தையும் முன்னாலேயே கட்ட வேண்டும். போகிறவர்கள் எல்லாரும் பேரணாம்பட்டில் பீடி சுற்றுகிறவர்கள், ஷூ கம்பெனியில் ரிட்டயர் ஆனவர்கள்.

"சீலா, இது தாங்குமா? பிப்ரவரில எல்லாரும் திரும்பி வர்ற வரைக்கும் பறந்தா போதும்."

நடப்புச் சொத்தை நடப்புக் கடனால் வகுத்துக் காட்டினேன். ஒன்றுக்கு மேல் வந்தது. "ஒரு வருஷத்துல கட்டவேண்டியதைவிட கைக்கு வர்றது ஜாஸ்தி. தாங்கும்," என்றேன். பாடப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது.

அந்தச் சொத்தில் பாதி, விமானங்களை வாடகைக்குக் கொடுத்தவர்களிடம் முடங்கிய டெபாசிட் என்று நான் சொல்லவில்லை. மிச்சத்தில் பெரும்பங்கு உதிரி பாகங்கள். இரண்டையும் கழித்தால், ஒரு ரூபாய் கடனுக்குக் கையில் இருபது பைசாகூட இல்லை. நாளைக்குப் பறக்கிறவன் கட்டிய டிக்கெட் காசில்தான் இன்றைக்கு எரிபொருள் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அது முன்பே தெரியும். என் சொந்தச் சேமிப்பை, நீங்கள் விசாரித்த அந்த டெபாசிட்டை, நான் போட்டிருந்தது அதே விமானக் கம்பெனியில்தான். ஜனவரிக் கடைசியில் முதிர்வு. அதுவரை யாராவது முன்பணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வாணியம்பாடியிலும் வேலூரிலும் இரண்டு டிராவல்ஸ்காரர்களுக்கு அதே கணக்கைப் போட்டுக் கொடுத்தேன். அவர்கள் கேட்கவில்லை, நானாகத்தான் கொடுத்தேன்.

புறப்படுவதற்கு முந்தின வாரம் தபரேஸின் அம்மா ஷஹீன் பானு எனக்கு போன் பண்ணினார். அவரும் அந்தக் கூட்டத்தோடு போவதாக இருந்தது. தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்.

"முட்டி ரொம்ப வலிக்குது பா. இந்த வருஷம் வேணாம்னு தோணுது. தபரேஸுகிட்ட சொன்னா பேஜாராயிடுவான். நீ இன்னா சொல்றே?"

யோசித்தேன். டிராவல்ஸ்காரன் அம்மாவே போகவில்லை என்றால் மற்றவர்களும் பின்வாங்குவார்கள். ஏன் என்று பேச்சு கிளம்பும். இந்த நிலைமையில் இருக்கிற கம்பெனியை நஷ்டத்தைவிடப் பயம் சீக்கிரம் சாய்த்துவிடும்.

"போய்ட்டு வாங்கம்மா. நான் இருக்கேன் இல்ல," என்றேன்.

சொன்ன தேதியில் என் பணம் வந்தது. ஷஹீன் அம்மாவும் மற்றவர்களும் அப்போது மக்காவில் இருந்தார்கள். கம்பெனியின் நிலைமையைத் தபரேஸிடம் அன்றைக்குச் சொல்லியிருந்தால் திரும்புவதற்கு வேறு டிக்கெட் பார்த்திருப்பான். வீணாகக் கலவரப்படுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் கம்பெனி பறப்பதை நிறுத்தியது. ஜெத்தா விமான நிலையத்தில் கவுண்டரில் ஆள் இல்லை. வயசானவர்கள் பெட்டிகளின் மேல் சாய்ந்து கிடந்தார்களாம். ஷஹீன் அம்மா கொண்டுபோன இன்சுலின் தீர்ந்துவிட்டிருந்தது. வாய்விட்டுக் கேட்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. மயங்கிய பிறகுதான் பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

ஊர் திரும்பியவர்கள் தபரேஸ் மேல் புகார் கொடுத்தார்கள். வேலூர் ஜெயிலில் போய்ப் பார்த்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அவன்தான் எனக்கு ஆறுதல் சொன்னான். "நீ இன்னா பண்ணுவே சீலா, உன் கணக்கு சரியாத்தான் இருந்துச்சு." நான் மறுக்கவில்லை. மறுத்தால் அவன் இன்னும் உடைந்துபோயிருப்பான்.

தபரேஸ் யாரையும் ஏமாற்றவில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். கம்பெனி விழும் என்று தெரிந்தேதான் நான் அவர்களை அனுப்பினேன். அதையும் எழுதுங்கள். ஆனால் ஷஹீன் அம்மாவுக்கு நான் கெடுதல் நினைத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள், மேடம். அவரை வேற்று ஆளாக நான் ஒருநாளும் பார்த்ததில்லை. என்னைப் பெற்றவள் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.