ஆறு மணிச் சங்கு

ஐயா,

பஸ் விசாரணைக்காக, சம்பவத்துக்கு முந்தின நாள் மாலை எங்கள் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டிருந்தீர்கள். வீடு என்பது ஒரே அறை, அதனால் பதில் சுலபம். இருந்த ஒரே நாற்காலியில் நிறுவைக்காரரின் மனைவி. நிறைமாதம் என்பதால் அந்த மரியாதை. பக்கத்தில் தகரப் பெட்டியின்மேல், தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் அவள் கணவர். கதவு நிலையில் சாய்ந்தபடி மருந்தகத்துக் கம்பவுண்டர். அவர் எந்த வீட்டிலும் உட்காருவதில்லை, உட்கார்ந்தால் வைத்தியம் பார்க்கச் சொல்லிவிடுவார்கள் என்று பயம். அடுப்படியில் என் தங்கை. கட்டில் விளிம்பில் நான். தேயிலைத் தொழிற்சாலையில் சங்கு ஊதுகிறவன்.

பஸ் ஓட்டுநர் அங்கே இல்லை. அவர் எங்கள் ஊரில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. கீழே பாலத்தடியில் பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு ஏழு மணிக்குப் போய்விடுவார். ஒரு நாளைக்கு ஒரே பஸ். அவரை இங்கே 'முந்திரிக்கொட்டை' என்பார்கள். நேரத்துக்கு முன்பே எடுத்துவிடுகிறவர் என்று பெயர். அந்தப் பெயர் அவருக்கு எப்படி வந்தது என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் விளக்கப்போகிறேன்.

கேட்டதற்கு மட்டும் பதில் எழுது என்பார் எங்கள் எட்டாம் வகுப்பு வாத்தியார். இந்த ஒருமுறை அவர் மன்னிக்கட்டும்.

எங்கள் ஊரில் கடிகாரங்கள் உண்டு. ஆனால் நேரம் சங்கில்தான் இருக்கிறது. கைக்கடிகாரம் ஆறு காட்டி, சங்கு ஊதாவிட்டால், கடிகாரம் கெட்டுவிட்டது என்று அர்த்தம். மலையில் ரேடியோ சரியாக எடுக்காது. எடுத்து அது வேறு நேரம் சொன்னாலும், "அது அவன் ஊர் மணி" என்று விட்டுவிடுவார்கள். காலை ஆறுக்கு முதல் சங்கு. ஊதியதும் பஸ்ஸுக்குப் போகிறவர்கள் கிளம்புவார்கள். பாலத்துக்கு நாற்பது நிமிட நடை. இந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறையில்லை.

ஒன்பது வருடத்துக்கு முன் ஒருநாள் நான் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது ஆறரை. வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டே சங்கின் கம்பியை இழுத்தேன். ஐயா, ஒன்றுமே நடக்கவில்லை. பெண்கள் வழக்கம்போலக் கூடையை மாட்டிக்கொண்டு மலையேறினார்கள். கடைக்காரர் சுவர்க் கடிகாரத்தின் முள்ளை அரைமணி பின்னால் தள்ளினார். மத்தியானச் சங்கைச் சரியான நேரத்துக்கு ஊதினேன். முள்ளை மறுபடி முன்னால் தள்ளினார். "காலையில ஓடுது, மத்தியானம் தூங்குது, என் மச்சானுக்குத் தம்பிதான் இது" என்று அதைத் திட்டினார். இங்கே பனிமூட்டத்தில் ஆறு மணியும் ஆறரை மணியும் ஒரே முகஜாடை. தோட்டத்தை நடத்தும் துரைக்கு விடிவதே எட்டு மணிக்குத்தான். பஸ்ஸைத் தவறவிட்ட நாலு பேர் மட்டும் திரும்பி வந்து, "முந்திரிக்கொட்டை, இன்னிக்கு முன்னாடியே எடுத்துட்டான்" என்றார்கள்.

அதை நான் மனதில் குறித்துக்கொண்டேன். அவ்வளவுதான்.

என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா போனபின் என்னைப் பார்த்துக்கொள்வது அவள்தான். அவளைப் பெண் பார்க்க ஒரு குடும்பம் டவுன் கோயிலுக்கு வருவதாக இருந்தது; இவள் பஸ்ஸில் அங்கே போக வேண்டும். அன்று சங்கு கொஞ்சம் தாமதம். அவர்கள் மத்தியானம் வரை காத்திருந்துவிட்டு, பெண்ணுக்கு இஷ்டமில்லை போலும் என்று போய்விட்டார்கள். நல்ல குடும்பம் என்றால் சாயங்காலம் வரை இருந்திருக்க மாட்டார்களா? பிறகு ஒரு தையல் பள்ளியில் வேலைக்குக் கூப்பிட்டார்கள். அன்றும் பஸ் 'முந்திக்கொண்டது'. பாலம் வரை போய்த் திரும்பி வந்து அவள் சமைத்தாள். குழம்பில் உப்பு சற்றுக் கூடுதல். வேறு மாற்றம் எதுவும் நான் காணவில்லை. அவளுக்கே போக மனமில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று?

மூன்றாவது, டவுன் ஆஸ்பத்திரியில் செவிலியர் பயிற்சி. மறுநாள் காலை நேரில் வரச்சொல்லிக் கடிதம் வந்திருந்தது. நீங்கள் கேட்ட அந்த மாலை, எல்லோரும் எங்கள் அறையில் கூடியது அதற்குத்தான்.

"அண்ணா, நான் போயிட்டா உங்க பாடு என்ன? அடுப்பு எந்தப் பக்கம் எரியும்னாவது தெரியுமா?" என்றாள் தங்கை.

"அவரு சங்கை ஊதின மாதிரி அடுப்பையும் ஊதிக்குவாரு, நீ கிளம்பு" என்றாள் நிறுவைக்காரரின் மனைவி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "என் கவலைதான் பெரிசு. இந்த மனுசன் பிள்ளை பிறந்ததும் தராசுல வெச்சு, ஈரத்துக்கு ஒரு கிலோ கழிச்சிடுவாரு."

நனைந்த கொழுந்துக்கு எடை கழிப்பது நிறுவைக்காரரின் வழக்கம். அதற்காகப் பெண்கள் அவரைத் திட்டாத நாளில்லை. அவர் முகம் சிவந்து, "கூடை எடையை மட்டும்தான் கழிப்பேன்" என்றார். கூடை என்றது யாரை என்று புரிந்ததும் அவள் அவர் தலையில் குட்டினாள்.

கம்பவுண்டர் மட்டும் சிரிக்கவில்லை. "சிரிச்சது போதும்மா. பிள்ளை குறுக்கே கிடக்கு. கால் வீங்கியிருக்கு. இங்க வெச்சுப் பார்க்கிற கேஸ் இல்ல இது. தோட்டத்து லாரி அச்சு முறிஞ்சு டவுன்ல கிடக்கு. காலையில முதல் பஸ்ஸுல ஏத்திடுங்க, தவறக்கூடாது."

"எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்றார் நிறுவைக்காரர்.

"உனக்கு எதுக்குய்யா மணி? சங்கு ஊதினதும் நாற்காலியோட தூக்கு. சங்குக்காரரே இங்கதான உக்காந்திருக்காரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

காலையில் எஞ்சின் அறைக்கு எப்போதும்போல ஐந்தரைக்கே போனேன். எதையும் அவசரமாகச் செய்தேன் என்று நீங்கள் எண்ணக்கூடாது. இரண்டு பேரும் ஒரே பஸ்ஸுக்குப் போகிறார்கள் என்பது எனக்கு நினைவிருந்தது. ஆனால் ஒரு சங்கை ஒருத்திக்கு ஒரு நேரம், இன்னொருத்திக்கு வேறு நேரம் என்று ஊத முடியாதே. ஓட்டுநர் நல்ல மனிதர், வழியில் ஆள் வருகிறதா என்று மூன்று நான்கு நிமிடம் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார். அதையும் சேர்த்துக்கொண்டு சரியாக ஆறரைக்குக் கம்பியை இழுத்தேன்.

உங்கள் பதிவேட்டில் பஸ் ஏழு நாலுக்குக் கிளம்பியதாக இருக்கிறது. அது சரி. ஊரில் முப்பத்தொன்பது பேர், சங்குக் கணக்கில் அது ஆறு முப்பத்துநாலுக்கே போய்விட்டது என்று கையெழுத்திட்டிருக்கிறார்கள். அவர்களும் பொய் சொல்லவில்லை.

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் கடைசி வளைவுக்கு வந்தபோது பஸ்ஸின் கூரை தெரிந்ததாம். கத்தியிருக்கிறார்கள். ஆற்றுச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. ஒன்பது மணிக்குள் பாலத்தின்மேலேயே தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். அவள் தலை கடைசிவரை என் தங்கையின் மடியில் இருந்தது.

நிறுவைக்காரர் பிறகு என்னிடம் ஒன்று சொன்னார். அவரிடம் கைக்கடிகாரம் உண்டு. அது ஆறு காட்டியதும் அவள் புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றாளாம். "உக்காரு, இது எப்பவும் முந்தும். சங்கு ஊதட்டும்" என்று இவர்தான் உட்கார வைத்தாராம். இதைச் சொல்லிவிட்டு, "அந்த டிரைவர் மட்டும் என் கையில கிடைக்கட்டும்" என்றார். நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். நான்காம் நாள் வேலைக்கு வந்தவர், ஈரத்துக்குக் கழிப்பதை நிறுத்திவிட்டார். பறிக்கிற பெண்களுக்கு அது நல்லதுதான்.

ஆக, ஓட்டுநர் மேல் குற்றமில்லை. ஒன்பது வருடமாக அவர் ஒருநாளும் முந்தியதில்லை. பிந்தியது நான். இந்தப் பெயரை அவருக்கு வாங்கிக்கொடுத்ததும், அந்த இரண்டு உயிர்களைப் பாலத்தில் நிறுத்திவைத்ததும் நான்தான். ஒருத்தி அடுப்பை விட்டுப் போய்விடக்கூடாது என்பதற்காகச் செய்தேன் என்று ஊர் பேசும். அது உண்மையல்ல. டவுனில் அவளை யார் என்னைப்போல் பார்த்துக்கொள்வார்கள்? இனி அப்படிச் செய்வதில்லை என்றும் தீர்மானித்திருக்கிறேன்.

விசாரணை நாளை மத்தியானம் என்றும், அதற்குள் எழுத்தில் எதுவும் வராவிட்டால் ஓட்டுநரின் வேலை போய்விடும் என்றும் எழுதியிருந்தீர்கள். கவலை வேண்டாம். ஆஸ்பத்திரியில் என் தங்கையை நாளைக்கு மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். அன்று மடியில் ஓர் உயிர் போனதைப் பார்த்தபிறகு, போயே தீருவேன் என்கிறாள். துணிமணிகளைக் கட்டிவைத்துவிட்டாள். எனக்கு அடுப்பு மூட்டக் கற்றுக்கொடுக்கிறாள்; இன்று இரண்டு முறை அணைந்துபோயிற்று, புகையில் கண் எரிகிறது.

இதை ஒட்டி, மேலே உங்கள் விலாசம் எழுதி, டவுனில் உங்களிடம் சேர்க்க அவள் கையிலேயே கொடுத்துவிடுவேன். உள்ளே என்ன என்று அவள் கேட்கமாட்டாள். நாளைக் காலை சங்கு ஊதியதும் கிளம்பச் சொல்லியிருக்கிறேன்.