அந்தப் பெட்டியைத் திறக்காதீங்க

ஹலோ… ஹலோ, அத்தானா?… நான்தான் பேசுறேன்… ஆமா, ஆமா, நல்லாக் கேக்குது. நீங்க இப்ப எங்க இருக்கீங்க?… கடையிலயா? சரி. நம்ம பெட்டி வந்துடுச்சா?… எந்தப் பெட்டின்னு கேக்குறீங்களே! இங்கேருந்து நான் கப்பல்ல ஏத்தி விட்ட எள்ளு கன்டெய்னர்… ஆமா, அதேதான்… துறைமுகத்துலேருந்து வெளிய எடுத்தாச்சா?… முந்தாநாளே எடுத்தாச்சா. சரி… சரி. அதைத் திறந்தீங்களா?

இல்ல, சரக்கு எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்கக் கேக்கல அத்தான். திறந்தீங்களா, இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க… இல்லையா? நல்லாத் தெரியுமா?… சீல் உடைக்கலையே?… அப்பாடா… இருங்க, ஒரு நிமிஷம், மூச்சு விட்டுக்கறேன்.

திறக்காதீங்க அத்தான். கதவுல யாரும் கை வைக்கக் கூடாது. நான் சொல்ற வரைக்கும்… ஏன்னா… காரணம் இருக்கு… இருக்குன்னு சொல்றேன்ல?… சிரிக்காதீங்க, தயவு செஞ்சு. விளையாடுற நேரம் இல்ல இது.

என்னது? விலையா?… ஆமா, ஏறியிருக்கு. எள்ளு ஏறிப்போய்க் கிடக்குன்னு எனக்கும் தெரியும். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?… நானா? வேற ஆளுக்குப் பேசி முடிச்சுட்டு, உங்ககிட்ட பெட்டியைத் திருப்பி அனுப்பச் சொல்றேனா?… அத்தான், யாரைப் பாத்து என்ன பேச்சு பேசுறீங்க? கூடப் பொறந்த அக்கா வீட்டுக்காரரை ஏமாத்தியா ஒரு தங்கச்சி வியாபாரம் பண்ணுவா?… சரி, சரி, நீங்க அப்படிச் சொல்லல. அப்படி நினைச்சீங்க. விடுங்க.

அக்காகிட்ட போனைக் குடுங்க… வெளிய போயிருக்காளா? சரி, அப்ப நீங்களே கேளுங்க.

அது… எப்படிச் சொல்றது… இருங்க அத்தான், லைன்லயே இருங்க. ஏஜெண்ட் சார், நீங்க எதுக்குக் கையைக் காட்டிக்கிட்டே இருக்கீங்க?… தெரியும். போன்ல சொன்னா நாளைக்குக் கேஸ் நம்ம தலையில விடியும்னுதானே? விடியட்டும். வாசல்ல போலீஸ் நிக்குது, இனிமே புதுசா என்ன விடியணும்?… இல்ல சார். நீங்க போய் அந்த நாற்காலியில உக்காருங்க. உக்காருங்கன்னு சொன்னேன்.

ம்… அத்தான்? ஆமா, போலீஸ்தான். காதுல விழுந்துடுச்சா… பரவால்ல, அப்ப முழுசாவே சொல்லிடறேன். குறுக்க பேசாமக் கேளுங்க.

பூச்சி வராம இருக்க மூட்டைங்க நடுவுல மருந்து வெச்சு அனுப்புவோம்ல… ஆமா, அந்த மாத்திரைதான். அதுலேருந்துதான் வாயு கிளம்பும்… தெரியும், நீங்க இத்தனை வருஷமா இறக்குறீங்க, உங்களுக்கு நான் பாடம் நடத்தல. கதவைத் திறந்து ஆற விட்டு இறக்கினா ஒண்ணும் ஆகாதுதான். ஆனா இது எப்பவும் வைக்கிற அளவு இல்ல அத்தான். ஏத்துற அன்னைக்குச் சில மூட்டையில வண்டு தெரிஞ்சுதாம். மருந்துக்காரர் கையில வந்ததை எல்லாம் அள்ளிப் போட்டிருக்காரு. காத்து போற ஓட்டையை எல்லாம் டேப் ஒட்டி அடைச்சிருக்காரு. கப்பலுக்கு நேரமாச்சுன்னு அதை யாரும் உரிக்கல… எனக்கு எப்படித் தெரியும்? நான் அப்ப ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருந்தேன்.

ஸ்டிக்கரா?… இல்ல. இருக்காது. மண்டையோடு போட்ட அந்த எச்சரிக்கை ஸ்டிக்கர் உங்க பெட்டியில இருக்காது. நம்ம ஷிப்பிங் ஏஜெண்ட் கிழிச்சுட்டாராம்… எதுக்கா? தெற்காசியாவுலேருந்து வர்ற பெட்டின்னாலே உங்க துறைமுகத்துல ஓரங்கட்டி நிறுத்திடறாங்க, நாள் கணக்கா காய விடறாங்கன்னு புலம்பினது யாரு? நீங்கதானே? ஸ்டிக்கர் இல்லாட்டி சட்டுனு விட்டுடுவாங்கன்னு கிழிச்சிருக்காரு. உங்களுக்கு நல்லது பண்றாராம்… இதோ, எதிர்லதான் உக்காந்திருக்காரு. தரையைப் பாத்துக்கிட்டு.

எனக்கு எப்படித் தெரிய வந்துச்சுன்னா… ரெண்டு பெட்டி நிரப்பினோம்ல அத்தான். ஒண்ணு உங்களுக்கு வந்துடுச்சு. இன்னொண்ணு, கப்பல்ல இடமில்லன்னு இங்கயே யார்டுல தங்கிடுச்சு. ரெண்டும் ஒரே நாள் ஏத்தினது, ஒரே மருந்து. நேத்து அதைத் திறந்து மூட்டையை இறக்கச் சொன்னேன். நான்தான் சொன்னேன். ரெண்டு லோடுமேன் போனாங்க.

இல்ல… அழல. கேளுங்க.

அதுல ஒருத்தர் போயிட்டாரு அத்தான்.

ஆமா. செத்துட்டாரு. இன்னைக்கு விடியக்காலையில. நேத்து நாங்க எல்லாரும் வெயில் மயக்கம்னு நினைச்சோம். யாருக்கும் எதுவும் தோணல. இன்னைக்கு டாக்டர்தான் கேட்டாரு, அந்தப் பெட்டிக்குள்ள என்ன வெச்சிருந்தீங்கன்னு. அவர் கேட்ட உடனே எனக்கு உங்க பெட்டி ஞாபகம் வந்துடுச்சு. அப்ப பிடிச்சு உங்களுக்குத்தான் போட்டுக்கிட்டே இருக்கேன், லைன் கிடைச்சாத்தானே…

அத்தான்?… ஹலோ? லைன்ல இருக்கீங்களா?… என்னது? சத்தமா சொல்லுங்க… பெட்டி கடையில இல்லையா?

கடையில இல்லன்னா எங்க?

…

வித்துட்டீங்களா? யாருக்கு?… எண்ணெய் மில்லுக்காரருக்கா? சீல் கூட உடைக்காம, பெட்டியோட அப்படியேவா?… விலை ஏறியிருக்குன்னு… சரி. லாபத்துல பாதி எனக்குன்னு நாம பேசினதை மறந்துட்டு… வேண்டாம் அத்தான், இப்ப எந்த விளக்கமும் வேண்டாம். அந்தச் சண்டையை நாம உயிரோட இருந்தா அப்புறம் போட்டுக்கலாம். பெட்டி எப்பக் கிளம்புச்சு?… காலையிலயா. மில்லு எவ்வளவு தூரம்?… அப்ப இந்நேரம் போய்ச் சேந்திருக்கும். டிரைவர் நம்பர் இருக்கா?… கூட யாராவது போயிருக்காங்களா? எடை போட்டுக் குடுக்க உங்க ஆள் ஒருத்தர் போயிருக்கணுமே?

யாரு?

அத்தான், யாரு போயிருக்காங்க?… அக்காவா?

ஐயோ… ஆமா, அவதான் போவா. வேற யாரை நம்புவா அவ? எடை மேடை முள்ளையே முறைச்சு முறைச்சுப் பாத்து நேரா நிக்க வைக்கிற ஆளாச்சே… திட்டல, உங்களைத் திட்டல. திட்ட நேரம் இல்ல. இன்னொரு போன் இருக்கா பக்கத்துல? கடை போன்?… அதை எடுங்க. அக்காவுக்கு அடிங்க. என் லைனை வெச்சுடாதீங்க, எனக்கு மறுபடி கிடைக்காது. இதுவும் இருக்கட்டும், அதுலயும் அடிங்க.

போகுதா?… ரிங் போகுதா?… எடுக்க மாட்டா. பைக்குள்ள போட்டுப் பூட்டி வெச்சிருப்பா. மறுபடி அடிங்க… மெதுவா ஒவ்வொண்ணா அமுக்குங்க… ம்… ம்… ஏஜெண்ட் சார், வெளிய போகாதீங்க, இன்ஸ்பெக்டர் கூப்பிட்டா இதோ வரேன்னு சொல்லுங்க… அத்தான், மில்லுக்காரருக்கும் அடிச்சுப் பாருங்க… அணைச்சு வெச்சிருக்காரா? அப்ப அக்காவுக்கே அடிங்க. அடிச்சுக்கிட்டே இருங்க.

எடுத்துட்டாளா? எடுத்துட்டாளா!… ஸ்பீக்கர்ல போடுங்க, ரெண்டு போனையும் வாயோட வாய் ஒட்டி வைங்க… இன்னும் கிட்ட…

அக்கா! அக்கா, நான்தான்… நல்லா இருக்கேன், அதெல்லாம் அப்புறம். பெட்டி திறந்தாச்சா?… எப்ப?… இப்பத்தானா? நீ எங்க நிக்கற?… மேடைகிட்டயா. பெட்டிகிட்ட போகாத. ஒரு அடி கூடப் போகாத. உள்ள யாராவது இருக்காங்களா?… ரெண்டு பேரா? வெளிய வரச் சொல்லு. கத்து அக்கா, உனக்குத்தான் ஊரைக் கூட்டுற குரலாச்சே, கத்து!… விஷம். மூட்டைக்குள்ள விஷ வாயு. ஆமா, உன் தங்கச்சி அனுப்பின எள்ளுலதான்… கத்து முதல்ல.

…

வந்தாச்சா?… ஒருத்தரா? இன்னொருத்தர்?… பின்னாடி மூட்டைக்கு அந்தப் பக்கமா? பதில் சொல்றாரா?… மீன் அழுகின மாதிரி நாத்தமா… ஆமா அக்கா, அதேதான். அதான் அது. எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்லு. கதவு ரெண்டையும் அகலமாத் திறந்து விடச் சொல்லு. மழையா அங்க?… தண்ணி உள்ள போகக் கூடாது, அந்த மாத்திரைப் பொடி நனைஞ்சா இன்னும் அதிகமாக் கிளம்பும். தீயணைப்புக்காரங்களைக் கூப்பிடு, அவங்ககிட்டதான் மாஸ்க் இருக்கும்… வர நேரமாகும்னு தெரியும். ஆனாலும் வேற வழி இல்ல, அவங்க வரட்டும்.

இல்ல. இல்ல அக்கா. நீ போகக் கூடாது… அவருக்குப் பிள்ளைங்க இருக்கும், சரி, உனக்கு மட்டும் இல்லையா?… துணியை நனைச்சு மூக்குல கட்டினா ஒண்ணும் தடுக்காது அக்கா, அது புகை இல்ல… அக்கா, நான் சொல்றதைக் கேளு, உன் பிடிவாதத்தை இன்னைக்கு ஒரு நாள் மட்டும்… அக்கா?

அக்கா!

அத்தான், என்ன சத்தம் அது? யாரு பேசறது?… மில்லுக்காரரா? சார், வணக்கம், போனைக் குடுத்தவங்க எங்க?… உள்ள போயிட்டாங்களா? நீங்க எல்லாரும் பாத்துக்கிட்டா நின்னீங்க!… இல்ல, இல்ல, நீங்க போகாதீங்க சார். ஒருத்தர் பின்னால ஒருத்தரா போனா எண்ணிக்கைதான் கூடும். கயிறு இருக்கா? வீசுங்க. பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருங்க. தெரியுறாங்களா?… தெரியலையா?… அத்தான், உக்காந்துடாதீங்க, போனைக் கீழ விட்டுடாதீங்க. என்னோட பேசிக்கிட்டே இருங்க… ஆமா… ஆமா… வருவா. எதைத்தான் பாதியில விட்டிருக்கா அவ?… ஆமா…

என்ன? வந்துட்டாளா?… இழுத்துட்டு வந்துட்டாளா? ரெண்டு பேருமா?… கடவுளே… அவரு மூச்சு விடறாரா?… விடறாரா. பெட்டிகிட்டேருந்து தூரமாத் தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க சார், காத்தோட்டமா. சட்டையைத் தளர்த்துங்க. ஆம்புலன்ஸ் கூப்பிட்டாச்சா?… வருதா. சரி. அக்காகிட்ட குடுங்க.

அக்கா… ம்… ம். கேக்குது, கேக்குது. இரு, முதல்ல இருமி முடி… நல்லா இருக்கியா?… ஒண்ணுமே இல்லையா?… சிரிக்கிற! நல்லா சிரிக்கிற. அத்தானுக்குக் கடையில உயிரே போயிடுச்சு… தைரியந்தான் உனக்கு, யாரு இல்லன்னா?

சரி, ஆம்புலன்ஸ் வந்ததும் நீயும் ஏறு… எதுக்கா? ஆஸ்பத்திரிக்கு அக்கா, வேற எதுக்கு?… அவரைக் கூட்டிட்டுப் போனா போதாது. நீயும் போகணும்… எடை மேடை எங்கயும் ஓடிப் போகாது. எள்ளு நாசமாப் போகட்டும்!… நான் கத்தல. கத்தலன்னு சொல்றேன்ல!

அக்கா, இங்க பாரு. அத்தானும் கேக்கட்டும். நேத்து இங்கயும் இப்படித்தான். ஒருத்தர் உள்ள மயங்கிட்டாரு. கூட இருந்தவர் வெளிய வந்துட்டு, மறுபடி உள்ள போய் அவரைத் தோள்ல போட்டுத் தூக்கிட்டு வந்தாரு. மயங்கினவரை நாங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். இவரு முகத்தைக் கழுவிக்கிட்டு டீ கேட்டாரு. நீங்களும் ஒரு எட்டு டாக்டரைப் பாருங்கன்னேன். எனக்கென்னம்மா, கல்லு மாதிரி இருக்கேன்னு நெஞ்சைத் தட்டிக் காட்டினாரு. சிரிச்சாரு அக்கா, உன்னை மாதிரியே. சரின்னு சாயங்காலம் நானும் வீட்டுக்கு அனுப்பிட்டேன்.

மயங்கினவரு இன்னைக்குக் கண்ணைத் திறந்துட்டாரு அக்கா. கஞ்சி குடிச்சாராம். போனது இவரு.

…

அக்கா?

இருக்கியா?… ம். என்ன பண்ணுது?… நெஞ்சை லேசா இறுக்குதா. எப்பலேருந்து?… வெளிய வந்ததுலேருந்தேவா? அப்ப ஏன் சொல்லல?… சரி, வேண்டாம், பேசாத. பேச்சுக்குச் செலவாகுற மூச்சும் இப்ப உனக்கு வேணும். நடக்காத, ஒரு இடத்துல சாஞ்சு உக்காரு. மில்லுக்காரர்கிட்ட போனைக் குடு. சார், இன்னொரு ஆம்புலன்ஸ் சொல்லுங்க. என்ன வாயுன்னு டாக்டர் கேப்பாரு… பாஸ்பீன்னு சொல்லுங்க. இங்க டாக்டர் சொன்ன பேரு. ரெண்டு தடவை சொல்லுங்க, எனக்குத் திருப்பிச் சொல்லுங்க… ஆமா. அதேதான். நேரம் கடத்த வேண்டாம், இவங்க நல்லா இருக்கேன்னு சொன்னாலும் கேக்க வேண்டாம்.

அத்தான், கடையைப் பூட்டிட்டுக் கிளம்புங்க… பூட்டாட்டியும் பரவால்ல, கிளம்புங்க. நான் வைக்கிறேன். இந்த லைன் இருக்கிற வரைக்கும் நீங்க இடத்தை விட்டு எழுந்திரிக்க மாட்டீங்க.

ஒரே ஒரு நிமிஷம், அந்தப் போனை இன்னும் கிட்டக் கொண்டு வாங்க. அக்கா காதுல வைக்கச் சொல்லுங்க…

அக்கா, வண்டி வந்ததும் ஏறிடுவேல்ல?… பேசாதன்னு சொன்னேன்ல! தலையை மட்டும் ஆட்டு. எனக்குத் தெரியும்.

ம்.

வைக்கிறேன்.