ரூட்டரும் சினை ஆடும்

மலையிலிருந்து செங்கம் இறங்கும் பஸ். முன் இருக்கையில் ஒரு கணவரும் மனைவியும். கணவர் கைபேசியை வெறித்துக்கொண்டிருந்தார்.

“ஆடு வரமாட்டேங்குது.”

“இன்னாங்க?”

“போன்ல. ஆட்டுக் கொட்டாய்ல கேமரா மாட்னேன்ல? மொதல்ல வூட்டு நெட் ரூட்டர்ல போர்ட் டிரிகரிங் போட்டேன். அந்த வழி உள்ளேருந்து கூப்ட்டாத்தான் தொறக்குமாம். அத எடுத்துட்டு போர்ட் ஃபார்வர்டிங் போட்டேன். எப்பவும் தொறந்தே இருக்கும், எங்கேருந்தும் பாக்கலாம்.”

“பாருங்க அப்ப.”

“நேத்து பயிர்க் கொல்லையிலேருந்து பாத்தேன், நல்லா தெரிஞ்சுது. இன்னிக்கு குட்டி போடுற நாளு, இன்னிக்குன்னு பாத்து வரல.”

“கெளம்பறப்ப மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணிட்டேன்.”

“எதுக்கு?”

“இடி வுழுந்தா? ஆளில்லாத வூட்ல எப்பவும் ஆஃப் பண்றதுதானே?”

“ஆளில்லாதப்ப பாக்கத்தான்டி கேமராவே!”

அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு வளைவு கழிந்ததும் அவருடைய கைபேசி அடித்தது. பேசி முடித்து மடியில் வைத்தார்.

“யாரு?”

“பக்கத்து வூட்டு அக்கா. ஆட்டப் பாத்துக்கச் சொல்லிட்டு வந்தேன். ரெண்டு குட்டியாம். ரெண்டும் பெட்டை.”

கணவர் கைபேசியைச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லேன்.”