கூப்பிடாத ஞாயிறு

— டீயைக் குடி தியாகு, ஆறிப் போகும். பைக்கைப் பொறகு பாப்போம்.

— நான் டீ குடிக்க வரல ஹபீல். நாவலப்பிட்டில இருந்து ஆள் ஒன்பது மணிக்கு வர்றான். பிலிமத்தலாவை ஹபீல் பாத்து நல்ல பைக்னு ஒரு வார்த்தை சொன்னாத்தான் வாங்குவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். இல்லாட்டி ஒன் கராஜ் வாசலுக்கு நான் வருவேனா?

— மூணு வருசத்துக்குப் பொறகு வந்தீக்கி. வந்ததும் வராததுமா ஏசுற.

— ஏசல. அதான் சொல்றேன், அந்த ஒரு வார்த்தைய சொல்லிடு. நான் போயிடுறேன்.

— சும்மா சொல்ல ஏலுமா? நான் பாக்க வாணாமா? தள்ளு அங்கால. என்ன மச்சான் இது, செயின்ல ஒரு பொட்டுத் துரு இல்லயே? நல்லா எண்ணெ போட்டு வச்சீக்கி. வெளியிலயே எடுக்காத பைக் என்டு வந்ததும் சொன்ன.

— எடுக்காட்டி எண்ணெய் போடக் கூடாதா? ஒன் வேலைய மட்டும் பாரு.

— சரி சரி. பிளக்கைக் கழட்டிப் பாக்கிறன். ஏன் விக்கிற?

— வீட்ல எம் பொண்டாட்டி நிரஞ்சனியோட ஸ்கூட்டர் வைக்க இடமில்ல. மழையில நனையுதுன்னு தெனமும் கத்துறா. அவ சொல்றதுலயும் ஞாயம் இருக்கு. அவ அந்த ஸ்கூட்டர்ல வேலைக்குப் போறா. நான் இதுல எங்க போறேன்? கூட ஓட ஒருத்தன் இல்லாத பைக்க மூடி வச்சுப் பூஜை பண்ணவா?

— ஒருத்தன் இல்லயா?

— யார் இருக்கா, சொல்லு? அர்கம் கத்தார்ல. தினுஷன் கனடாவுல பனி வழிச்சு போட்டோ அனுப்புறான். ஸிபான் வேன் வாங்கிட்டான், பின்னால பூராவும் பிள்ளைங்க. பதினோரு பைக் ஒன்னா கெளம்பினா பேராதனைப் பாலமே அதிரும். இப்ப பாலத்துல நின்னு பாத்தா, ஒரு பொடியன் ஹெல்மெட்டுல கேமராவ ஒட்டிக்கிட்டுத் தனியாப் போறான். தனக்குத்தானே பேசிக்கிட்டு.

— கடுகண்ணாவ கல்லு ஓட்டை ஞாபகம் ஈக்கா?

— மறக்குமா? பாறைக்குள்ள போறப்ப ஆளாளுக்கு ஹோர்ன் அடிக்கணும். முன்னால நீ, கடைசில நான். பதினோரு ஹோர்ன் கேட்டாத்தான் நீ அடுத்த கியர் போடுவ.

— ஒருக்கா பத்துதான் கேட்ட. திரும்பி வந்து பாத்தா ஸிபான் பாறைக்குக் கீழ நின்டு அன்னாசி வாங்குற.

— மொளகாத்தூள் கூடப் போடச் சொல்லி!

— சிரிச்சிட்டாய்! ஒன்ட அந்தச் சிரிப்பக் கேட்டு எவ்வளவு காலம். அந்த நோன்பு மாசம் கலஹா மேட்டுல ஏறின நாள் ஈக்கே, அத நான் மவ்த்தாகிக் கண்ண மூடுற வரைக்கும் மறக்க ஏலா. நான், அர்கம், ஸிபான், நாங்க மூணு பேர்தான் நோன்பு. நீங்க எட்டுப் பேரும் வழியில ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கல்ல. நான் குடிங்கடா என்டு கெஞ்சின.

— நாக்கு செருப்புத் தோல் மாதிரி ஆயிருச்சு. அடுத்த வருசம் நோன்புல யாரும் ஓட வேணாம்னு அன்னைக்கே மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டேன்.

— அடுத்த வருசமும் வந்த.

— வந்தேன். யாரும் கூப்பிடல, நானாத்தான் வந்தேன். அதுதானே நம்ம குரூப்போட சட்டம். மாசத்து முதல் ஞாயிறு காலைல ஆறு மணிக்கு பாலத்தடில வந்து நிக்கிறவன் வர்றான், வராதவன் வரல. போன் போட்டு வாறியான்னு யாரும் யாரையும் கேக்கக் கூடாது. நீதான் வச்ச.

— அர்கம் விழுந்த பொறகு வச்சது. ஒரு ராத்திரி முழுக்க வேல செஞ்சிட்டு வந்து படுத்தவன, வா வா என்டு நான்தான் போனுக்கு மேல போன் எடுத்த. என்ட பேச்சுக்காக அவன் வந்த. மூணாம் வளைவுல தூங்கி விழுந்த. அல்லாஹ் காப்பாத்தின. மாட்டன் என்டு சொல்ல வெக்கப்பட்டு ஒருத்தனும் பைக்ல ஏறக் கூடா தியாகு.

— சட்டம் நல்ல சட்டந்தான். நான் ஒன்னும் சொல்லல. ஏய், என்ன இது? இன்னைக்கு ஞாயித்துக்கெழம. கராஜ் லீவு. நீ என்ன விடியக் காலைலயே ஷட்டரத் தொறந்து வச்சிருக்க?

— சும்மாதான். காத்து வாங்க.

— காத்து வாங்க பிளாஸ்க்கு எதுக்கு? மேசைல இத்தன கப் எதுக்கு? விருந்தா?

— டீ குடிக்கத்தான். ஆரும் வருவாங்கதானே.

— யார் வருவா?

— பிளக்குல கரி படிஞ்சீக்கி. துடைக்கோணும்.

— பேச்ச மாத்தாத. நான் வர்றது ஒனக்குத் தெரியாது. கப் எல்லாம் ஏற்கனவே கழுவிக் கவுத்து வச்சிருந்துச்சு. வர்றப்பவே பாத்தேன். யாருக்கு?

— ஒனக்குத்தான்டா! ஒனக்கு, சுதேஷுக்கு, ஸிபானுக்கு. ஆர் வந்தாலும் அவனுக்கு. போதுமா? ஒவ்வொரு மாசமும் முதல் ஞாயிறு என்ட பொஞ்சாதி றம்லத் பிளாஸ்க்குல டீ ஊத்தித் தாற. ஒவ்வொரு மாசமும் நான் அப்பிடியே கொண்டு போய்க் கவுக்கிற. புள்ளயள் எனக்குப் பைத்தியம் என்டு சிரிக்கிற.

— இங்கயா? ஒன் கராஜ் வாசல்லயா?

— வேற எங்க? அன்டைக்குச் சொன்னதுதானே. பெற்றோலுக்கு வரிசையில கெடந்த காலம். நாவலப்பிட்டி டீக்கடையில வச்சு நான் சொன்ன. பாலத்தடியில நிக்க ஏலா, அந்தப் பெற்றோல் செட் வரிசை பாலம் வரைக்கும் நீண்டு வந்தீக்கி, எல்லாரும் என்ட கடைக்கு வாங்க என்டு.

— நான் அப்பவே முடியாதுன்னேன்! இருபது வருசமா பாலம், இப்பவும் பாலம், வரிசை இன்னைக்கு இருக்கும் நாளைக்குப் போகும், இடத்த மாத்தக் கூடாதுன்னு மேசையத் தட்டிச் சொன்னேனே.

— நீ சொன்ன. நானும் சொன்ன. சுதேஷும் என்னமோ சொன்ன. எல்லாரும் கத்தினது. பொறகு ஆளுக்கொரு பக்கம் போன. நான் நெனச்ச, தியாகு கோவத்துல கத்துற, மாசம் பொறந்தா வந்துருவான் என்டு.

— நானும் அதையேதான்டா நெனச்சேன்.

— என்னத்த?

— ஹபீல் வந்துருவான்னு. ஒரு மாசம் வரல, சரி கோவம். ரெண்டாம் மாசமும் வரல. அப்பத்தான் எனக்கு நெஞ்சுல முள்ளு மாதிரி குத்துச்சு. இவனுக்குத் தலைமைதான் பெருசு, தான் சொன்ன எடத்துக்கு நாம போகலன்னு நம்மள வெட்டி விட்டுட்டான்னு. அப்பவும் போறத நிறுத்தல.

— எங்க போறத?

— பாலத்தடிக்கு. செயின்ல ஏன் துரு இல்லன்னு கேட்டியே. மாசாமாசம் ஓடுது, அதான் இல்ல. ஆறு மணிக்குப் போய் நிப்பேன். மரத்தடியில அந்தப் பால் விக்கிற கெழவன் இப்ப என்னப் பாத்தா, இன்னைக்கும் ஒரு ஆள்தானா மாத்தயான்னு சிங்களத்துல கேக்குறான். ஏழு மணி வரைக்கும் நிப்பேன். அப்புறம் வீட்டுக்குப் போயிடுவேன். தனியா ஓட மனசு வராது.

— ஏழு மணி மட்டுமா?

— ஏழேகால்.

— யா அல்லாஹ்! பாலத்துக்கும் என்ட கடைக்கும் எவ்வளவு தூரம்? ஒரு டீ ஆற முந்தி வந்துரலாமேடா! ஒரு போன் எடுத்தீக்கலாமே!

— நீ எடுத்திருக்கலாமே! கூப்பிடக் கூடாதுன்னு சட்டம் வச்சவன் நீ. நான் கடைசில வர்றவன். முன்னால போறவன் வச்ச சட்டத்தக் கடைசில வர்றவன் எப்பிடி உடைப்பான்?

— நான் எடுத்தா வெக்கத்துக்கு வருவாய் என்டு நான் எடுக்கல்ல.

— ரெண்டு கழுதைங்க. தலை நரைச்ச ரெண்டு கழுதைங்க.

— அழாத தியாகு.

— அழல. ஒன் டீ சூடு. ஆனா இப்ப என்ன ஆயிரப் போவுது, சொல்லு? பதினோரு பேர் போய் ரெண்டு பேர். அதுக்குப் பேரு குரூப்பா? முன்னால ஒருத்தன், பின்னால ஒருத்தன், நடுவுல வெறும் ரோட்டு. எனக்கு வேணாம். இன்னைக்குத்தான் மொத மொதல்ல பாலத்துல நிக்காம நேரா வந்தேன். நின்னா விக்க மனசு வராதுன்னு தெரியும். பிளக்க மாட்டிடு. ஆள் வந்துருவான்.

— பிளக் இல்ல.

— என்னது இல்ல? இப்பத்தானே கழட்டுன?

— என்ட சாரன் மடியில ஈக்கி. தர மாட்டன். ஸ்டார்ட் ஆகாத பைக்க நல்ல பைக் என்டு நான் ஆருக்கும் சொல்ல மாட்டன்.

— பாவி! வந்த ஒடனே அதுக்குத்தான் கழட்டுனியா?

— ஓ. வேற என்னத்துக்கு?

— வெளையாடாத ஹபீல். நாவலப்பிட்டிக்காரன் வர்ற வழியில இருப்பான். அவன்கிட்ட வார்த்த குடுத்துட்டேன்.

— ரெண்டு பேர் குரூப் இல்ல என்டு சொன்ன. சரி, மூணு பேர்?

— மூணாவது யாரு?

— சுதேஷ். அவன் நாட்டுலதானே ஈக்கிற.

— அவனா? கலஹாவுல கடை போட்டுட்டான். ரெண்டு புள்ள. நம்ம ரெண்டு பேர் போட்ட சண்டைல, அன்னைக்கு அவன் சொன்னத யாருமே காது குடுத்துக் கேக்கல. நம்மள எப்பவோ மறந்திருப்பான். ஞாயித்துக்கெழம இந்நேரம் போர்வைக்குள்ள இருப்பான்.

— போர்வைக்குள்ள ஈந்தா, அல்லாஹ் மேல ஆணை, நானே பிளக்கைப் போட்டு, நானே கிக்கரை மிதிச்சு, தங்கமான பைக் என்டு நாவலப்பிட்டிக்காரனுக்குச் சொல்ற. நீ விக்கலாம். ஒரு பேச்சுப் பேச மாட்டன்.

— எப்பிடித் தெரிஞ்சிக்குவ?

— கேக்கிற. போன் எடுத்து.

— கூப்பிடக் கூடாதே.

— நான் வச்ச சட்டம். நானே உடைக்கிறன். நம்பர் சொல்லு.

— எனக்கிட்டதான் இருக்கு. குடு, நான் போடுறேன். ஸ்பீக்கர்ல வைக்கவா?

— வை. சத்தத்தக் கூட்டு.

— மணி அடிக்குது. பேசாத. ஹலோ, சுதேஷ்? நான்தான்டா, தியாகு அண்ணன். பக்கத்துல ஹபீல் அண்ணனும் இருக்கான். தூக்கத்துல எழுப்பிட்டேனாப்பா?

— தூக்கமா? என்னண்ணே சொல்றீங்க, இன்னைக்கு முதல் ஞாயிறு இல்லயா? ரெண்டு பேரும் ஒன்னாவா இருக்கீங்க? அன்னைக்கு நாவலப்பிட்டில நான் சொன்னேன்ல, கலஹா பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க, இங்க வரிசை இல்லன்னு. அன்னையில இருந்து மாசாமாசம் ஆறு மணிக்கு பைக்கோட இங்கதாண்ணே நிக்கிறேன். பஸ்காரங்க எல்லாம் கேலி பண்றாங்க. எந்த வளைவுல வந்துக்கிட்டு இருக்கீங்க, சொல்லுங்க, நான் ஹோர்ன் அடிக்கிறேன்.